கிரீஸ் பூசிய குரல்

என் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவோம், அதற்குப் பிறகு பழைய குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற மனிதர் அவர். ஓடுகிற இன்ஜின் சத்தத்தை மீறிக் கூப்பிட்டே பழகிய தொண்டை அது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அவரை உட்கார வைத்து என் போனில் ரெக்கார்டு போட்டுப் பேசச் சொன்னேன்.

"இன்னாத்த பேசறது? நான் இன்னா கட்சி மீட்டிங்லயா பேசறேன்?" என்று சிரித்தார்.

"தெனம் வூட்ல பேசறத பேசுய்யா" என்றேன். பேசினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பியபின் கை ஜாடையும் முறைப்பும்தான் அவர் பாஷை. அந்த நேரம் பார்த்து என் போனின் பேட்டரி உப்பிக்கொண்டது. அவர் குரல் அதில் மட்டும்தான் இருந்தது. அதைச் சிடியில் போட்டு வாங்கலாம் என்று கல்மண்டபத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன்.

"சிடி வாணாம்க்கா, பத்திரமா கீதுன்னு நெனச்சுகினு இருப்ப, ஒருநாள் போட்டா படிக்காது" என்றார் கடைக்காரர். "பென் டிரைவ் எடுத்துகினு போய் வர்றதுக்குதான். ஹார்டு டிஸ்க் ரெண்டு வாங்கு, ரெண்டுலயும் ஏத்திக்கோ. ஆனா ஒரே வூட்ல வெக்காத. தண்ணி பூந்தா ரெண்டும் பூடும்."

நெட்டிலும் ஏற்றலாமாம். பாஸ்வேர்டை மறந்து தொலைத்தால் என் புருஷன் குரலைக் கொடு என்று நான் யாரிடம் போய் நிற்பது? டிஸ்க்கே போதும் என்று இரண்டு வாங்கினேன். ஏற்றி முடித்த அன்றே போன் கண்ணை மூடியது. ஒன்று எங்கள் பீரோவில், இன்னொன்று பெரம்பூரில் தங்கை வீட்டில் என்று முடிவு செய்தேன். ரொம்ப காலம் இருக்கவேண்டிய சாமான் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, தங்கை வீட்டுக்குக் கிளம்பலாம் என்று டிஸ்க்கை எடுத்தால் கையெல்லாம் வழவழ. கேபிள் சொருகும் ஓட்டை நிறைய கிரீஸ். இரண்டிலும்! உப்புக் காற்றுக்குப் பயந்து அவர் கிரீஸ் தடவாத இரும்பே எங்கள் வீட்டில் கிடையாது. ஸ்பானர், தாழ்ப்பாள், என் கத்திரிக்கோல்கூடத் தப்பியதில்லை. டிஸ்க்குக்கும் அதே கவனிப்பு.

"யோவ், இது இன்னா இன்ஜின் நட்டா? உன் பேச்சுய்யா உள்ள கீது!"

கத்திவிட்டு அழுதேன். கிரீஸ் துணியோடு அப்படியே நின்றார். திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குக் கோபமாவது தணிந்திருக்கும்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே இரண்டு பேரும் போய் நின்றோம். கடைக்காரர் ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, கேபிளை மாட்டினார். முதல் டிஸ்க் அசையவில்லை. என் கணவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டாவதில் சின்ன விளக்கு மினுக்கியது.

ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது அவர் குரல்.

"இன்னாமே, கதவ தாப்பா போட்டியா?"

தினமும் படுக்கும் முன் கேட்கிற கேள்வி.

"போட்டுட்டேன்யா" என்றேன், கடை என்றும் யோசிக்காமல்.

பக்கத்தில் நின்றவர், எப்போதும்போல, சரி என்று தலையாட்டினார்.