என் வீட்டுக்காரருக்கு நான் கட்டாத கட்டு

இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் வைத்தியசாலை. கை கால் முறிந்தவர்களுக்கு உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது என் வீட்டுக்காரரின் குடும்பத் தொழில். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வெண்டைக்காயைக்கூட ஒழுங்காக நறுக்கத் தெரியாது. இன்று பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவர்கள் "அக்கா இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெருமையா என்றால், ஆமாம், பெருமைதான்.

எக்ஸ்ரே இல்லாமல் வந்தால் நாங்கள் தொடமாட்டோம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் கட்டவே மாட்டோம். "இது நம்ம கைக்கு ஆகாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவரே விரட்டிவிடுவார். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வீம்பும் உண்டு. வீட்டு ஆட்களுக்கு எது முறிந்தாலும் வீட்டிலேயேதான் கட்டு; யாரும் ஆஸ்பத்திரிப் படி ஏறக் கூடாது. இந்த இரண்டும் ஒரே காலில் வந்து மோதும் என்று யார் கண்டார்கள்?

அன்று காலை மழை விட்டிருந்தது. கட்டுக்கு முட்டை வாங்கப் போனவர் திரும்பும் வழியில் ஜிஎஸ்டி ரோடு ஓரத்து மணலில் வண்டியோடு சறுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு நேராக எங்கே வந்தார்கள் தெரியுமா? எங்கள் வீட்டுக்குத்தான். "வைத்தியர ஆஸ்பத்திரிக்கா இட்டுகினு போவாங்க?" என்றார் ஒருவர். வேட்டியெல்லாம் முட்டையும் ரத்தமும். முழங்காலுக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாவைக் கரை. நீயே கட்டு" என்றார்.

"மாட்டேன்."

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத. நான் ஆஸ்பத்திரிக்குப் போனா நாளைக்கு எவன் இங்க வருவான்?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "யாரும் வரலன்னா நான் இட்லிக் கடை போட்டுப் பொழைச்சுக்கிறேன். காலு போச்சுன்னா எந்தக் கடையில வாங்குறது? இதே கால வேற ஒருத்தர் தூக்கிட்டு வந்திருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க, அதைச் சொல்லுங்க!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன சொல்லியிருப்பார் என்று பெஞ்சில் இருந்தவர்களுக்கே தெரியும்.

காயத்தைச் சுத்தமான துணியால் மூடினேன். எலும்பைத் தொடவில்லை, காலை இழுத்து நேராக்கவும் இல்லை. ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தப்பை வைத்துத் தளர்வாகச் சுற்றி, அதே ஆட்டோவில் ஏற்றி நானும் உட்கார்ந்தேன். வழி முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும் அவர் காலையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். கால் தப்பியது. அவர் பயந்ததும் நடந்தது. பெஞ்சு காலியாகிவிட்டது. "வைத்தியருக்கே ஆஸ்பத்திரி வைத்தியமாம்" என்று மளிகைக் கடையில் என் காது படவே பேசினார்கள். இருந்தாலும் தினமும் அறையைப் பெருக்கி, தப்பைகளைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வீட்டுக்கு வந்த பிறகும் என்னிடம் சாப்பாடு, மருந்து என்பதற்கு மேல் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஊன்றுகோலோடு அவர் வாசல் நாற்காலியில் உட்காரத் தொடங்கிய ஒரு நாள், பெரும்பாக்கத்திலிருந்து ஒரு பெண் மணிக்கட்டு வீங்கிப்போய் வந்தாள். கூட வந்த அவள் புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாண்ணா, உனக்கே ஆபரேஷன் பண்ணிகினு வந்துகீற. இங்க நம்பி கட்டலாமா?"

அவள் வந்ததைப் பார்த்ததுமே நான் உள்ளே மாவு குழைக்கத் தொடங்கியிருந்தேன். போச்சு, வந்த ஒரு ஆளும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அவர் லுங்கியை ஒதுக்கித் தையல் தழும்பைக் காட்டினார். "என் பேச்சைக் கேட்டு இதுக்கு இங்கயே கட்டு போட்டிருந்தா எனக்கு இன்னிக்குக் காலே இருந்திருக்காது. கட்ட மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ உள்ள இருக்கா. இந்த வூட்லயே பெரிய வைத்தியர் அவதான். கூட்டிட்டுப் போய் கையைக் காட்டுப்பா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கை முழுக்க முட்டை வெள்ளைக்கரு, துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. அப்படியே வாசலைப் பார்த்து அதட்டினேன்: "எக்ஸ்ரே எங்க? அதை எடுத்துட்டு உள்ள வாங்க."