பெடலில் பிரேக் வைத்த சைக்கிளும் திருத்தணி மலைப்பாதையும்

வேலைக்குப் போய்வர எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, கண்ணை மூடிக்கொண்டு நெதர்லாந்து சைக்கிள் என்று சொல்லிவந்தவள் நான். அங்கே மூன்று வருடம் ஓட்டினேன். மேடு பள்ளமில்லாத ஊர். நிமிர்ந்து உட்காரலாம், பின்னால் குழந்தை இருக்கையும் உண்டு. கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் வண்டி நிற்கும். போன மாதம் திருத்தணிக்குக் குடிவந்தபோது அதையே கப்பலில் ஏற்றி வந்தேன். வீட்டிலிருந்து ரயில் நிலையம் இரண்டு கிலோமீட்டர்தானே!

வரும் வழியில் செயின் கவர் நசுங்கிவிட்டது. பஜார் சைக்கிள் கடைக்காரர் அதைக் கழற்றி வைத்துக்கொண்டார். "தட்டி சரி பண்ண ஒரு வாரம் ஆவுங்க. அதுக்குள்ள மலைக்கு எட்துகினு போயி பூஜை போட்டுடுங்க. பூஜை போடாம ரோட்ல உடாதீங்க" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஆறு வயது மகள் யாழினியோடு கிளம்பினேன். ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போனேன். மேலே கார், பைக் வரிசையில் எங்கள் சைக்கிளும் நின்றது. சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு சாமந்தி மாலை. யாழினிக்கு ஒரே குஷி.

இறக்கத்தில் பெடலைப் பின்னால் அழுத்தி மெதுவாகத்தான் வந்தேன். நடுவில் கொஞ்சம் சமமான இடம் வந்ததும் முன்னால் மிதித்தேன். தொங்கிய மாலை செயினில் மாட்டியது. படக்கென்று செயின் கழன்றது. அடுத்த இறக்கம் தொடங்கிவிட்டது. பின்னால் மிதித்தால் கால் சும்மா சுற்றுகிறது. ஐயோ முருகா! பின்னாலிருந்து, "இன்னும் வேகமா போம்மா!" என்று குழந்தை சிரிக்கிறாள். எதிரே வளைவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வருகிறது. காலைத் தரையில் தேய்த்தேன், செருப்பு பிய்ந்து போனது. மலையோரம் சுவர் வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மட்டும் கண்ணில் பட்டது. அதில் கொண்டுபோய் விட்டேன்.

யாழினியிடமிருந்து சத்தமே இல்லை. அந்த ஒரு நொடி எந்த எதிரிக்கும் வரக்கூடாது. பிறகு வீறிட்டு அழுதாள். எனக்கு உயிர் வந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆட்டோக்காரர் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். "இன்னாம்மா, பிரேக் புடிக்க வேணாமா?"

"கைல பிரேக் இல்லைங்க."

"இல்லியா? எந்த ஊர்லம்மா விக்கிறாங்க இத?"

இப்போது இரண்டு கையிலும் பிரேக் உள்ள சாதாரண சைக்கிள்தான். நீங்கள் எந்த நாட்டில் வாங்கினாலும், ஓட்டிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இறக்கத்தில் நிறுத்திப் பார்த்து வாங்குங்கள். பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

நேற்று மகளைப் பின்னால் உட்காரவைத்து ரயில் நிலையத்துக்குக் கிளம்பினேன். சமதரைதான். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி நகரவே இல்லை. யாழினி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, பிரேக்க விடும்மா."