என் பேரில் எடுத்த லோன்

ராணுவ ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலைக்குப் பரீட்சையில் தேறியிருந்தேன். பாதுகாப்பு அனுமதிக்காக என்னைப் பற்றி விசாரிக்க, எங்கள் ஊர் கோட்டுச்சேரி டீக்கடைக்கு ஒரு அதிகாரி வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த என் சித்தப்பா வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

"தங்கமான புள்ள சார். தங்கச்சி புருஷன் படகு வாங்க, தன் பேர்ல லோன் எடுத்துக் குடுத்தான்."

அதிகாரி நேராக பேங்குக்குப் போனார். மாப்பிள்ளை ஒரு தவணைகூடக் கட்டவில்லை. கடன்பட்டவனை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிவிடலாமாம். அனுமதி இல்லை என்று எனக்குக் கடிதம் வந்தது.

மறுவருஷம் அதே வேலைக்கு மாப்பிள்ளை எழுதினார். அவர் பேரில் ஒரு பைசா கடன் கிடையாது. அனுமதி கிடைத்துவிட்டது.

லீவில் வரும்போதெல்லாம் கேட்கிறார்: "என்ன மச்சான், அந்த லோன இன்னுமா அடைக்கல?"