சுவருக்கு வெளியே கிடந்த பிள்ளை

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். ஆர நதிக்கரையில், எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மேட்டில் நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதா கோயில் இருந்தது. செத்துப் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ நடந்து வருவார்கள். தணல் மூட்டி, சூடு காட்டி, உதட்டில் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்ததாகக் கணக்கு. உடனே ஞானஸ்நானம், கோயில் சுற்றுச்சுவருக்குள்ளே அடக்கம். அசையாவிட்டால் வெளியே.

அந்தக் கோயிலின் இடிபாட்டை அகழாய்வுக்காகத் தோண்டினோம். உள்ளே வரிசையாகக் குழந்தை எலும்புகள். வெளியே ஒன்றே ஒன்று.

உள்ளே இருந்தவற்றை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்ய ஏற்பாடு. வெளியே கிடந்ததை என்ன செய்வது என்று மேற்பார்வையாளர் ஸ்பிண்டனிடம் கேட்டேன்.

"அது கோயில் கணக்குல வராது ரெகுலா. நாளைக்கு மண்ணோட அள்ளிடுவாங்க."

ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிள்ளையிடம்கூடவா ஓரவஞ்சனை?

சாயங்காலம் ஐந்து நாற்பது. மூடுபனி. பொக்லைன் ஓட்டும் உர்ஸும் நானும்தான் மிச்சம். குழியை மூடத் தார்ப்பாயை இழுத்தேன்.

பிள்ளையின் வாய்மேல் ஒரு வெள்ளை இறகு.

"உர்ஸ், இது உன் வேலையா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

எடுக்கக் குனிந்தேன். மண் சுட்டது. தணல் வாசம்...

இறகு எழும்பியது. படிந்தது. மறுபடி எழும்பியது...

காற்றே இல்லை.

உர்ஸ் தொப்பியைக் கழற்றினான். "தண்ணி ஊத்து. சீக்கிரம்."

ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் தண்ணீர்? பிளாஸ்க்கில் காட்டு ரோஜாக் காய் போட்ட சிவப்புத் தேநீர்தான் இருந்தது. அதையே நெற்றியில் ஊற்றினேன். வேறு பெயர் தோன்றவில்லை. என் பெயரையே வைத்தேன்.

இறகு நின்றது.

காலையில் குழி காலி. நான்தான் எலும்பைத் திருடிவிட்டேன் என்று ஸ்பிண்டன் எரிந்து விழுந்தார். நானும் விடவில்லை. தேநீர் ஊற்றியதையும் சொல்லி, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, பலிபீடம் இருந்த இடத்தில் கடைசிக் கல்லைப் பெயர்த்தார்கள். அதன் சுண்ணாம்புப் பூச்சில் அதுவரை ஒரு கீறல்கூட இல்லை. கடப்பாரை போட்டதே ஸ்பிண்டன்தான்.

அடியில் பிள்ளைகள் வெளுத்துக் கிடந்தார்கள். நடுவில் ஒன்றின் நெற்றியில் மட்டும் சிவப்புக் கறை.

ஸ்பிண்டன் தொட்டு முகர்ந்தார். முகம் செத்துவிட்டது.

"இப்ப கோயில் கணக்குல வருமா?" என்று கேட்டேன்.

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஈரமாக இருந்தது.