வாய்ப் படங்களும் நெட்டைக்கால் பூச்சிகளும்

பல் மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் போட்டோக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். நோயாளிகளின் வாயைப் படம் எடுப்பது அவள் வேலை. உதடுகளை பிளாஸ்டிக் கொக்கியால் விலக்கி, சின்னக் கண்ணாடியை உள்ளே நுழைத்து, அது மூச்சுப்பட்டு மங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும். சொத்தைப் பல்லும் வரும், வீங்கிய ஈறும் வரும். ஆனால் அதிகம் வருவது ஆறாத புண்தான். "வலிக்குமாம்மா?" என்று பயந்து கேட்பவர்களிடம், "நான் படம்தான்யா எடுக்கறேன், பல்லையா எடுக்கறேன்?" என்பாள்.

ஒரு மழை நாளில், கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஏதோ நடுங்குவதைப் பார்த்தாள். சிலந்தி என்று நினைத்துத் துடைப்பத்தைத் தேடியவள், என்ன தோன்றியதோ, கேமராவைத் திருப்பினாள். சிலந்தி இல்லை. தலை வேறு, வயிறு வேறு என்று பிரியாமல், மிளகு ஒன்றை எட்டு மயிரிழைகள் தூக்கி நிறுத்தியதுபோல் ஒரே உருண்டை உடம்பு. முதுகின் மேல் ஒரு மேடு. அந்த மேட்டின் இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். வலை பின்னத் தெரியாது, விஷமும் கிடையாது என்பதெல்லாம் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் கண்டது, ஊசியில் கோக்கும் நூலை எச்சில்படுத்துவதுபோல் அது தன் நீண்ட காலை நுனிவரை வாய் வழியாக இழுத்துத் துடைத்துக்கொண்டதை. அடுத்த நோயாளி வாசலில் செருமும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். தமிழில் அதற்குப் பெயர் கிடைக்காததால் நெட்டைக்கால் பூச்சி என்று தானே வைத்துக்கொண்டாள். அவள் அண்ணன் அவளையே பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்தான்.

கல்யாணப் பேச்சு இரண்டொரு முறை வந்து நின்றுபோனதில், அவள் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அண்ணன் குழாய் வேலைக்காரன். ஊரில் எங்கெல்லாம் ஈரம் கசிகிறதோ அதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "பூச்சி, பழைய பம்ப் ரூம்ல உன் சொந்தக்காரங்க கூட்டமா இருக்காங்க. வரியா?" என்பான். விடுமுறை நாளில் இருவரும் கிளம்புவார்கள். "அவனவன் தங்கச்சியக் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போவான். இவரு சாக்கடைக்குக் கூட்டிட்டுப் போறாரு," என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

பம்ப் ரூம் சுவரில் அவை நூற்றுக்கணக்கில், சிக்குப் பிடித்த தலைமுடிபோல் ஒன்றின்மேல் ஒன்று தொங்கின. மூச்சுக்காற்று பட்டால் சுவரே குலுங்கியது. ஃபிளாஷ் வெளிச்சம் சுள்ளென்று விழாமல் இருக்க, வெள்ளை பிளாஸ்டிக் கேனிலிருந்து வெட்டிய துண்டை அண்ணன் முன்னால் பிடித்துக்கொள்வான். கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி மூச்சுவிடுவான். கால்கள் முழுதும் படத்தில் விழுந்தால் உடம்பு புள்ளியாகிவிடும். கண்ணைப் பிடித்தால் கால்கள் வெளியே போய்விடும். "ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்ணே," என்று அலுத்துக்கொள்வாள். "அப்ப கண்ணையே எடு," என்பான்.

அந்த வருடம் அண்ணன் காரம் வேண்டாம் என்றான். பிறகு, குழைய வேகவைத்துக் கொடு என்றான். கடைவாய்ப் பல் என்று அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தான். தங்கை தினமும் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பகலெல்லாம் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒரு வாயைப் பார்க்கப் பிடிக்காது. தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் காலை, அடுத்த ஆள் வரலாம் என்று குரல் கொடுத்தாள். நோயாளிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான்.

நாற்காலியைக் காட்டினாள். "வாயைத் திற," என்றாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. கொக்கியை மெல்ல மாட்டி லென்ஸ் வழியாகப் பார்த்தாள். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, விளிம்பு தடித்து, நடுவே குழிந்திருந்தது. எடுக்க வேண்டிய கோணங்களையெல்லாம் எடுத்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அப்படி நடுங்காமல் இருந்ததற்காக வெகுநாள் அவள் தன் கையை வெறுத்தாள்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ படம் எடுப்பியேன்னு பயந்துட்டேன்," என்று சிரிக்கப் பார்த்தான்.

பாதித் தாடையை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்தார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் படம் எடுக்க வேண்டியிருந்தது. "வேற ஆளை அனுப்பட்டுமா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். பேச்சு போயிருந்த அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தான்.

கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும், குழாயைத் திருகுவதுபோல் கையைச் சுழற்றிக் காட்டினான். பம்ப் ரூமுக்குப் போக வேண்டுமாம். அண்ணி அழுதாள். ஆனாலும் போனார்கள். எச்சில் வழியாமலிருக்கத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, அந்த வெள்ளை பிளாஸ்டிக்கை ஃபிளாஷுக்கு முன்னால் முன்போலவே பிடித்தான். கூட்டத்திலிருந்து விலகிய ஒரு பூச்சி அவன் மணிக்கட்டில் ஏறியது. அவன் அதைத் தொட்டான். கால் ஒன்று கழன்று அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. கழன்ற பிறகும் துடித்துக்கொண்டே இருந்தது. பூச்சி மிச்சக் கால்களோடு போய்விட்டது. அண்ணன் அந்தக் காலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். கேட்பது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. இந்தப் பூச்சிக்குப் போன கால் போனதுதான், திரும்ப முளைக்காது என்று அவள் படித்திருந்தாள்.

"முளைச்சிடும்ணே," என்றாள்.

வெயில் காலம் வருவதற்குள் கழுத்தில் கட்டி எழும்பியது. கடைசி வாரங்களில் அவனுக்குத் தண்ணீர் இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு மத்தியானம், அண்ணி ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டான்.

"அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடு. அவர அப்படி யாரும் பார்க்க வேணாம்," என்றாள் அண்ணி.

"அது ஆஸ்பத்திரியோடது அண்ணி. பாடத்துக்கு வச்சுக்கலாம்னு அண்ணனே தலையாட்டிடுச்சு."

"நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

அவள் கேட்டுப் பார்க்கவில்லை. அண்ணி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது திரையில் படத்தை மாற்றிக் கொடுப்பதும் அவள் வேலைதான். ஒருநாள் திரையில் அண்ணனின் படம் வந்தது; கண்களின்மேல் கறுப்புப் பட்டையை அவளே போட்டிருந்தாள். "இந்த வெளிச்சத்தைப் பாருங்க, புண்ணோட விளிம்பு எவ்வளவு தெளிவா இருக்கு," என்று பெரிய டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். முன்வரிசைப் பெண் ஒருத்தி, இந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். டாக்டருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

"இறந்துட்டார்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்கு மாற்றினாள்.

பல மாதம் கழித்து, அவள் அறைக்கு வெளியே வரிசையில் அண்ணி நின்றிருந்தாள். முறை வந்ததும், நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். இவள் கேமராவைத் தொடவில்லை. விளக்கை மட்டும் இழுத்து, இரண்டு கன்னமும், நாக்கின் அடியும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சுத்தமா இருக்கு."

"எனக்கு வலி ஒண்ணும் இல்ல. சும்மா பயமா இருந்துச்சு," என்ற அண்ணி, எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.