ஏறவிடாத எண்ணெய்

ஆண்டவர் நல்லவர் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தலைநகரில், துவாரகா பகுதியில் நர்ஸ். வேலை முடிந்ததும் பக்கத்துப் பயிற்சிக்கூடத்தில் செயற்கைப் பாறைச் சுவர் ஏறுவேன். போன நவம்பரில், போட்டி வருகிறது என்று தினமும் ஏறவைத்தார்கள். வலது மோதிர விரல் வீங்கிவிட்டது. நோயாளிக்கு ஊசி போட நரம்பு தேடும்போதே விரல் சுரீரென்று வலித்தது. விரல் போனால் என் பிழைப்பே போச்சு.

பயிற்சியாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அரே, குச் நஹி! டேப் லகாவோ, சடோ!” ஒன்றுமில்லையாம், டேப் சுற்றிக்கொண்டு ஏற வேண்டுமாம். யாருடைய விரல்? அவருடையதா? ஓயாமல் தொங்கித் தொங்கி விரலுக்குள் தசைநாணைப் பிடித்திருக்கும் பட்டை கிழியத் தொடங்கிவிட்டது, ஓய்வு தராவிட்டால் அறுந்துவிடும் என்றார் எலும்பு டாக்டர். அதைச் சொன்னால், டாக்டர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்கிறார் இவர். பொறுப்பில்லாத மனுஷன்!

அன்று வீட்டில் தேம்பி அழுதேன். ‘வலியை எடுத்துவிடும், நான் போட்டியில் ஏறவேண்டும்’ என்று ஜெபித்தேன்.

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா தூத்துக்குடிக்காரர். ஜெபித்த எண்ணெயோடு வந்து கை முழுக்கப் பூசினார். “கழுவிராதட்டி! விசுவாசம் இருக்கா இல்லியா ஒனக்கு?”

அந்தக் கையோடு சுவருக்குப் போனேன். பிடிமானத்துக்குப் பூசும் பொடி மாவாகக் குழைந்தது. கை வழுக்கியது. பிடிகளெல்லாம் பிசுபிசுப்பு. எண்ணெய் போகும்வரை வராதே என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் கத்தித் துரத்தினார். அக்கா விட்டால்தானே! மாலைதோறும் நான் கிளம்பும் நேரம் பார்த்துக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். போட்டி நான் இல்லாமலே நடந்து முடிந்தது. ஆண்டவரிடமே சண்டை போட்டேன். நான் கேட்டதென்ன, நீர் செய்வதென்ன?

குளிர் குறைந்த ஒரு காலையில், வார்டில் ஒரு நோயாளிக்கு முதல் குத்திலேயே ஊசி சரியாக இறங்கியது. விரல் வலிக்கவே இல்லை. அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஏற வலு கேட்டேன். அவர் ஏறவே விடவில்லை. அதுதான் பதில். காயம் ஆறிவிட்டது என்று டாக்டரும் சொன்னார்.

இப்போது வாரம் இரண்டு நாள் மட்டும் ஏறுகிறேன். பயிற்சியாளர் மாறவில்லை. போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் விரலை ஊதிக்கொண்டு நின்றாள். அவளிடமும் அதே டேப்பை நீட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, உரக்க ஜெபித்தேன். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அன்பானவர்களே, வலிக்கிறது என்றால் சிரிக்கிறவன் பேச்சைக் கேட்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள். கேட்டதைத் தராமல் அவர் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தினால், தயவுசெய்து நில்லுங்கள்.