அக்காவுக்கு வந்த பூ

அக்காவுக்குப் புதுச் செருப்பு வாங்கினார்கள். எனக்கு வாங்கவில்லை. அந்த அருவிப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் இங்கிருந்துதான் தொடங்க முடிகிறது. அருவி எவ்வளவு உயரம், தண்ணீர் எப்படி விழுந்தது என்பதெல்லாம் அப்புறம். மலையேறப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஏறப்போகிற இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் செருப்பு வாங்குவது என்ன நியாயம்? அக்காவின் பழைய செருப்பு எனக்கு வந்தது. அறுந்திருந்த வாரில் அம்மா ஒரு ஊக்கைக் குத்திக் கொடுத்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா காலேஜில் இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு நடுவே பிறந்தவர்கள் யாரும் இல்லாததால், அவள் போட்டு முடித்ததெல்லாம் வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்தாவது என்னிடம்தான் வந்து சேரும். பாவாடை வந்தது, ஸ்வெட்டர் வந்தது, மூடி உடைந்த ஜாமென்ட்ரி பாக்ஸ் வந்தது. தலைமுடி ஒன்றுதான் அப்படி வரவில்லை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். எனக்குப் பேன் என்று சொல்லிப் பையன் மாதிரிக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து தாயில்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்தினார்கள். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் 'சீசன் முடியட்டும்' என்பதுதான் பதில். பல் வலித்தாலும் சீசன் முடியட்டும், மிக்ஸி ரிப்பேர் என்றாலும் சீசன் முடியட்டும். அக்கா மேலே எம்.எஸ்ஸி. படிக்கவேண்டும் என்று கேட்டதற்கும் அப்பா அதையேதான் சொல்லியிருந்தார். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டால் அவர் இரண்டு நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். எழுந்ததும் மறுபடி லோடு, ஆர்டர் என்று ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அந்த வருஷம் தூங்கி எழுந்ததும், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் அருவி நன்றாக விழுகிறதாம், குடும்பத்தோடு போய்வரலாம் என்றார். நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அக்கா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவள் அங்கேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். புதுச் செருப்பும் வாங்கிக் கொடுத்து அருவிக்கும் கூட்டிப் போகிறார்கள், இதற்கும் அழுகிறாளே, எவ்வளவு ராங்கி என்று நினைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

அது பெண் பார்க்கிற பயணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று போனால் இரண்டு பக்கத்துக்கும் தலைக்குனிவு. மறுநாள் ஒரே கடைத்தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவேண்டும். அதனால் முதலில் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வது போல் பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அப்படி இரண்டு கோயில்கள் ஆகிவிட்டன. இரண்டிலும் விபூதி வாங்கிக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம். மூன்றாவதாக வந்த இடம் விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற பெரிய குடும்பம். இந்தத் தடவை கோயில் வேண்டாம் என்றவர் பெரியப்பா.

"கோயில்ல பாத்தா ஊரே பாக்கும். அருவியில பாத்தா கொரங்கு மட்டுந்தான் பாக்கும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. குரங்கு எதைப் பார்க்கும் என்று கேட்டேன். போய் விளையாடு என்றார்கள்.

வேனில் முன் சீட்டு அக்காவுக்கு. காற்றில் தலை கலைந்துவிடும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்கள். நான் பின் சீட்டில் இரண்டு காலிக் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கேன் அம்மாவின் யோசனை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் என்றால் வீட்டில் விசேஷம் மாதிரி. பள்ளிக்கூடத்துக்குக்கூட லேட்டாகத்தான் போவேன். அப்படிப்பட்ட தெருக்காரி அருவிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்புவாளா?

மலையடிவாரத்துச் செக்போஸ்டில், எந்த ஊர் என்று கேட்டார்கள். சிவகாசி என்று பெரியப்பா சொன்னதுதான் தாமதம், ஒவ்வொரு பையாகத் திறக்கச் சொல்லிப் பட்டாசும் தீப்பெட்டியும் தேடினார்கள். புளிசாதத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பிளாஸ்டிக் கூடாது என்று கேன்களை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. பாதையை ஒட்டி ஓடுகிற ஓடையைப் பார்த்துப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் இப்பிடிச் சும்மா போகுதே" என்று புலம்பிக்கொண்டே நடந்தாள். ராஜபாளையத்துக்காரர்கள் மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த பொறாமை இன்றுவரை தீரவில்லை. அந்த விஷயத்தில் நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவள்.

அங்கிருந்து அருவிக்கு நல்ல நடை. கொஞ்ச தூரம் மண்பாதை, அப்புறம் முழுக்கப் பாறை, நடுநடுவே ஓடையைக் கடக்கவேண்டும். அக்காவுக்கு ஒரு பக்கம் அப்பாவின் கை, இன்னொரு பக்கம் பெரியப்பாவின் கை, தலைக்குமேல் அம்மாவின் குடை. வெயிலே விழாத காட்டுக்குள் அவளுக்கு மட்டும் ஒரு குடை! பாசி பிடித்த பாறை வந்தால் மூன்று பேரும் ஒரே குரலில் "பாத்து, பாத்து" என்றார்கள். நான் நிஜமாகவே வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது, "ஏட்டி, ஒனக்குக் கண்ணு எங்கன இருக்கு?" என்றாள் அம்மா. ஊக்கு குத்திய செருப்பும் அதோடு போய்விட்டது. மீதி வழியை வெறுங்காலோடு நடந்தேன். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளையாகப் பிறந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் கால்வலி கொஞ்சம் மறந்திருந்தது.

முதலில் சத்தம் கேட்டது, அப்புறம் அருவி தெரிந்தது. அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஓடப்போனவளை அம்மா பிடித்து நிறுத்தினாள். முதலில் எல்லோரும் அமைதியாக உட்காரவேண்டுமாம். ஒரு பாறையில் துண்டை விரித்து அக்காவை உட்கார வைத்தார்கள். அவள் தண்ணீரில் இறங்கவே கூடாது, பின்னல் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அதிலாவது எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. நனையாதே நனையாதே என்று ஒருத்தியை இத்தனை பேர் தாங்குகிறார்களே, என்னிடம் யாராவது ஒரு நாள் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்றுதான் இருந்தது.

சற்று நேரத்தில் அந்தக் குடும்பம் வந்தது. நல்ல சேலை கட்டிய ஒரு அம்மா, வெள்ளைச் சட்டையில் அவருடைய வீட்டுக்காரர், செல்போனைத் தூக்கித் தூக்கி டவர் தேடிக்கொண்டு அவர்களுடைய மகன். பெரியப்பா துள்ளி எழுந்தார்.

"அடடே, நீங்களா! வாங்க வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

செக்போஸ்டில் நிற்கும்போது இதே பெரியப்பா, "நாங்க வந்துட்டோம், நீங்க எங்கன வாறீக?" என்று போனில் பேசியதை நான் கேட்டிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். உரித்துக்கொண்டிருந்த முட்டையை அம்மா அப்படியே என் வாயில் வைத்தாள்.

அந்த அம்மா உட்காருமுன் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார். நடந்து வருவதைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பின்னலைக் கையில் எடுத்து லேசாக இழுத்துப் பார்த்தார். சவுரி இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அக்கா கெமிஸ்ட்ரி என்றாள்.

"படிச்ச வரைக்கும் போதும் தாயி. நம்ம வீட்ல பருப்புத்தான், அதுக்கு எதுக்குக் கெமிஸ்ட்ரி?" என்று அவர் சிரித்தார். எங்கள் பக்கமும் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள் என்றுதான் நான் நினைத்தேன். என்னை அந்த அம்மா ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இது பையனா?" என்று கேட்டார்.

அக்கா பரிமாற, எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் தலையாட்டினார். மகனும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். உடனே அந்த அம்மா வயர்க்கூடைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை இடது கையால் எடுத்துப் பாறைமேல் வைத்தார். எண்ணெய்க் கையோடு பிரிக்கக் கூடாது என்று கை கழுவ ஓடைக்கு இறங்கிப் போனார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பையனைப் பெற்றவள் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் பெண்ணும் மாற்றிப் பேச முடியாது, பெண்ணைப் பெற்றவரும் மாற்றிப் பேச முடியாது. இதையெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசவே இல்லை.

"ஏட்டி, அந்தப் பொட்டலத்துல என்ன இருக்குன்னு தெரியுமா? பிச்சிப்பூவு. அம்புட்டும் எனக்காம்."

"எனக்கு?" என்றேன்.

"ஒனக்குக் கெடையாதாம். ஒரு கிள்ளுகூடத் தரமாட்டாகளாம்."

சொல்லிவிட்டு முகத்தை அருவிப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செருப்பைப் பொறுத்துக்கொண்டேன், குடையைப் பொறுத்துக்கொண்டேன், பையனா என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டேன். பூவைப் பொறுக்க முடியவில்லை. பாய்ந்துபோய்ப் பொட்டலத்தை எடுத்து நாரைப் பிய்த்துப் பிரித்தேன். உள்ளே நெருக்கிக் கட்டிய சரம், குளிர்ச்சியாக, கையில் கனத்தது. என் கட்டை முடியில் பூ நிற்காது. அதனால் முண்டாசு மாதிரி தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். யாரும் வைத்துக் கழற்றாத பூ. அக்காவிடமிருந்து வராமல் நேராக என்னிடம் வந்த முதல் பொருள் அதுதான். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "அடியே!" என்று அம்மா எழுந்த வேகத்தைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். ஓடுவதற்கு அங்கே அருவியை விட்டால் வேறு இடம் இல்லை.

தண்ணீர் தலையில் இறங்கியதும் மூச்சு முட்டியது. சரம் அறுந்து, பூவெல்லாம் கழன்று ஓடையோடு போயிற்று. கீழே குனிந்து கை கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவின் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. காட்டுப் பூ என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து முகர்ந்த பிறகுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"சின்னப் பிள்ள, விவரம் தெரியாம செஞ்சுட்டா. ராஜபாளையத்துல எறங்குனதும் வேற பூ வாங்கிக்கிடலாம்" என்று பெரியப்பா கெஞ்சினார். அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எப்படியாவது சமாதானம் செய்திருப்பார்கள்.

"பூவு வாங்கலாம் அண்ணாச்சி. ஆனா ஒரு நல்லதுக்குன்னு கொண்டாந்தது ஆத்தோட போயிருச்சு. போனது போகட்டும்" என்று கூடையை எடுத்துக்கொண்டார். அந்த மகன் மட்டும் போகிறபோது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர்கள் மறைகிற வரைக்கும் காத்திருந்து அம்மா என்னை அடித்தாள். ஈர முதுகில் விழுகிற அடிக்குச் சத்தம் அதிகம். அடிகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அடி வாங்கியவள் நான், ஆனால் எல்லோரும் தேற்றியது அக்காவை. அதுதான் வலித்தது. இதைவிட நல்ல இடமாக வரும் என்று பெரியப்பா அவள் தலையைத் தடவினார். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வேனை நிறுத்திப் பால்கோவா வாங்கி, பாக்கெட்டோடு அவள் மடியில் வைத்தார் அப்பா. அக்கா குனிந்தபடியே இருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழாதே அழாதே என்றார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

வேன் கிளம்பும்போது அக்கா முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தாள். செக்போஸ்டில் திரும்ப வாங்கியிருந்த கேன்களை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்கோவாவை அப்படியே என் மடிக்கு மாற்றினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு இறுக்கி. நான் கையை உருவிக்கொண்டேன். பின் சீட்டு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது, கடைசியில் அதுவும் அவளுக்கு வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. பால்கோவாவை மட்டும் முழுதாகத் தின்று தீர்த்தேன். அவளுக்கு ஒரு விள்ளல்கூடக் கொடுக்கவில்லை.

மூன்று இடம் தவறிப்போனதால், பிள்ளைக்கு நேரம் சரியில்லை, கொஞ்ச காலம் ஆறப்போடலாம் என்றார் பெரியப்பா. ஆறப்போட்ட அந்தக் காலத்தில் அக்கா டிகிரியை முடித்தாள், கோயம்புத்தூருக்குப் போய் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். இப்போது அங்கேயே ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாள். தனக்குப் பிடித்தவரை, தனக்குத் தோன்றியபோது கல்யாணம் செய்துகொண்டாள். அக்காவுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை ஆற்றில் விட்டவள் என்று வீட்டில் இன்றைக்கும் என்னைத்தான் சொல்வார்கள். அக்கா அதற்கு ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. பட்டாசுக்காரர் மகள், எந்தத் திரியில் நெருப்பு வைத்தால் எது வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? வெடித்தவளுக்குத்தான் அது தெரியவில்லை. நானாகப் பொறாமைப்பட்டேன், நானாக ஓடினேன் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரிந்தது என் முறை வந்தபோதுதான். நானும் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பையனைப் பெற்ற அம்மா நல்ல மாதிரிதான். பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். நார் முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், பெரியப்பா இருந்தார். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தலையைக் குனிந்தேன்.

எனக்கு இப்போது குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். காலேஜில் கடைசி வருஷத்தைத்தான் முடிக்கவில்லை. ஆனால் அக்கா மேல் உள்ள பொறாமை மட்டும் போகவே இல்லை. அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்.